கும்மிருட்டுக்குள் ஒரு குடும்பம்... சூரியனையே பார்க்காத ஆழ்கடல் உயிர்கள்!

கடற்கரையில் நின்று பார்க்கிறப்போ கடல் நமக்கு ஒரு நீல விரிப்பு. அலை, காத்து, தூரத்தில் ஒரு படகு, அவ்வளவுதான். ஆனால், நாம பார்க்கிறது கடலின் தோலை மட்டும்தான். உலகக் கடல்களின் சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர். நம்ம ஊட்டி தொட்டபெட்டா சிகரம் இருக்கே, 2,637 மீட்டர், அதை அப்படியே தூக்கி அந்த ஆழத்தில் வைத்து, உச்சியில் ஏறி நீங்க நின்றாலும் உங்க தலைக்கு மேல் இன்னும் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்!

இதில் வெளிச்சம் உருப்படியாகக் கிடைப்பது முதல் 200 மீட்டருக்குத்தான். கடலில் சமையல் நடக்கிற இடமும் அதுதான். கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் அங்கேதான் சூரிய ஒளியை வைத்து உணவு தயாரிக்கின்றன. 200 முதல் 1,000 மீட்டர் வரை அந்தி மண்டலம். மேலே உச்சி வெயில் அடித்தாலும் இங்கே விளக்கு வைக்கிற நேரத்து மங்கலான நீலம்தான். 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய வெளிச்சம் துளிகூட இல்லை. பகல், இரவு என்ற பேச்சே கிடையாது. 4,000 மீட்டருக்குக் கீழே சேறு படிந்த பிரமாண்ட சமவெளிகள், 6,000 மீட்டருக்குக் கீழே அகழிகள். பூமியில் உயிர்கள் வாழ எவ்வளவு இடம் இருக்கோ, அதில் மிகப் பெரிய பங்கு இந்த இருட்டுதான். காடு, மலை, வயல், ஊர் எல்லாம் சேர்ந்தும் அதற்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடித் தோட்டம் அளவுதான்.

1840-களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர், சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிர்களே இருக்காது என்று கணித்தார். வெளிச்சம் இல்லை, சாப்பாடு இல்லை, அழுத்தமோ ஆளை நசுக்கும். அங்கே யார் போய் வாழப்போறாங்க? கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. 1872-ல் கிளம்பிய சேலஞ்சர் கப்பல், சுமார் மூன்றரை வருடங்கள் உலகக் கடல்களைச் சுற்றி, வலையை ஆயிரக்கணக்கான மீட்டர் இறக்கி இழுத்தபோது உயிர்கள் வந்துகொண்டே இருந்தன. அதே வலையில் கறுப்பாக, உருளைக்கிழங்கு மாதிரி சில உருண்டைகளும் வந்தன. அந்த உருண்டைகளை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் அவற்றுக்கு வேலை இருக்கு.

நசுங்காமல் எப்படி இருக்கின்றன?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூடும். 6,000 மீட்டரில் 600 கிலோ. அதாவது, உங்க சுண்டுவிரல் நகத்தின் மேல் ஒரு பழைய மாருதி 800 காரை நிறுத்திய மாதிரி. அது உடம்பு முழுக்க, எல்லாப் பக்கத்திலிருந்தும்!

அந்த உயிர்களின் உடம்பில் காற்றுப் பைகள் அனேகமாகக் கிடையாது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர் என்பதால் நசுங்குவதற்கு ஒன்றும் இல்லை. உண்மையான சிக்கல் அதைவிட நுணுக்கமானது. அவ்வளவு அழுத்தத்தில் செல்லுக்குள் இருக்கும் புரதங்கள் வளைந்து நெளிந்து வேலை செய்ய மறுத்துவிடும். அதைத் தடுக்க ஆழ்கடல் மீன்கள் டி.எம்.ஏ.ஓ என்ற ஒரு வேதிப்பொருளை உடம்பில் நிறைய சேர்த்து வைத்துக்கொள்கின்றன. இது உங்களுக்குத் தெரியாத பொருள் ஒன்றும் இல்லை. மீன் செத்த பிறகு இது சிதைந்து வருவதுதான் நம்ம சமையலறையில் மூக்கைத் துளைக்கிற அந்தக் கவிச்சி வாடை. புளியும் எலுமிச்சையும் அதை அடக்குவதற்குக் காரணம், அந்த வாடைப்பொருள் ஒரு காரம் என்பதுதான். மீன் குழம்புக்குப் புளி கரைக்கிறவங்க எல்லாரும் தெரியாமலே இந்த வேதியியலைச் செய்துகொண்டுதான் இருக்காங்க.

ஆழம் கூடக் கூட இந்தப் பொருளும் மீனின் உடம்பில் கூடிக்கொண்டே போகும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. சுமார் 8,200 முதல் 8,400 மீட்டருக்குக் கீழே மீன்களால் வாழ முடியாது என்று விஞ்ஞானிகள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே உள்ள அகழியில் நத்தை மீன் வகை ஒன்றை கேமராவில் பிடித்தார்கள். ஆழம் 8,336 மீட்டர். கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது!

தினமும் ராத்திரி மாடிக்கு வருபவர்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேட சோனார் கருவியைப் பயன்படுத்தியபோது ஒரு விசித்திரம் நடந்தது. ஆழமான கடலிலும் சில நூறு மீட்டரிலேயே 'தரை' இருப்பதாகக் கருவி காட்டியது. அந்தத் தரை ராத்திரியானால் மேலே வந்தது, விடிந்தால் கீழே போனது. தரை எங்காவது நடமாடுமா?

அது தரை இல்லை. லாந்தர் மீன், இறால் வகைகள், கணவாய், ஜெல்லி மீன் என்று கோடானுகோடி உயிர்கள் நெருக்கமாகச் சேர்ந்த ஒரு அடுக்கு. பகலில் மேலே போனால் பெரிய மீன்கள் பார்த்துவிடும். அதனால், அந்தி மண்டலத்தின் இருட்டில் பதுங்கி இருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் சாப்பிட மேலே கிளம்புகின்றன. விடிவதற்குள் வீடு திரும்பிவிடுகின்றன. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் நடக்கிற மிருகங்களின் இடப்பெயர்ச்சியை டி.வி-யில் பார்த்து வாய் பிளக்கிறோம் இல்லையா? எடையை வைத்துப் பார்த்தால் உலகின் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். அதுவும் தினமும்! மேலே சாப்பிட்ட கரியைக் கீழே கொண்டுபோய்க் கழிப்பதால், காற்றிலுள்ள கரியமில வாயுவின் ஒரு பகுதியை ஆழத்துக்குள் பூட்டி வைக்கிற வேலையையும் இவை சம்பளம் இல்லாமல் செய்கின்றன.

வெளிச்சம் வராத இடத்தில் வெளிச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதுதான் இங்கே வழக்கம். கலிஃபோர்னியா கடலோரத்தில் பல வருடங்கள் எடுத்த வீடியோக்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே தென்பட்ட உயிர்களில் 76 சதவிகிதம் ஒளி உமிழக்கூடியவை. நம்ம ஊரில் மின்மினிப் பூச்சி ஓர் அதிசயம். அங்கே ஒளி விடாததுதான் அதிசயம்.

அந்த ஒளியை எதற்கெல்லாம் பயன்படுத்துகின்றன தெரியுமா? சில மீன்கள் வயிற்றுப் பக்கத்தில் விளக்கு ஏற்றிக்கொள்ளும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் எதிரிக்கு, மேலிருந்து வரும் மங்கல் ஒளியோடு ஒளியாகக் கலந்து, நிழல் தெரியாமல் போய்விடும். தூண்டில் மீன், தலையில் ஒரு கம்பி நீட்டி அதன் நுனியில் ஒளிரும் பாக்டீரியாக்களைக் குடிவைத்து இரையை வாய்க்கு நேராக வரவழைக்கும். அட்டோலா என்ற ஜெல்லி மீன் மாட்டிக்கொண்டால், வட்டமாக நீல ஒளியைச் சுழலவிடும். 'என்னைத் திங்கிறவனைத் திங்க வாங்க' என்று இன்னும் பெரிய மிருகத்தைக் கூப்பிடுகிற திருட்டு அலாரம் அது. இந்த அலாரத்தை எல்.இ.டி விளக்குகளால் காப்பியடித்து ஒரு பொறி செய்தார் ஈடித் விடர் என்ற கடலியல் விஞ்ஞானி. 2012-ல் ஜப்பானுக்கு அருகே கடலில் அதை இறக்கியபோது, அதுவரை ஆழ்கடலில் யாரும் வீடியோ எடுத்திராத ராட்சதக் கணவாய் தானாகவே கேமராவைத் தேடி வந்தது.

ஆழ்கடலில் ஏன் இத்தனை உயிர்கள் சிவப்பாக இருக்கின்றன என்று யோசித்திருக்கீங்களா? சிவப்பு ஒளிதான் தண்ணீரில் முதலில் காணாமல் போவது. அங்கே சிவப்புச் சட்டை போட்டால் கறுப்புச் சட்டை போட்ட மாதிரி. ஆனால், 'தளர்தாடை' டிராகன் மீன் ஒன்று கண்ணுக்குக் கீழே சிவப்பு விளக்கை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்தில் வேட்டையாடுகிறது. ராணுவத்தின் நைட் விஷன் கண்ணாடியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

மேலிருந்து விழும் சாப்பாடு

சரி, பாசி வளராத இடத்தில் என்னதான் சாப்பிடுவாங்க? பெரும்பாலும் மிச்சம் மீதிதான். மேலே செத்துப்போன நுண்ணுயிர்கள், கழிவுகள், சளி, ஓட்டுத் துகள்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு பஞ்சு மாதிரி கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'கடல் பனி'. தரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். வழியெல்லாம் ஆள் ஆளுக்குக் கை வைப்பதால், மேலே உற்பத்தியானதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்குதான் ஆழ்கடல் சமவெளிக்கு வந்து சேரும்.

'ரத்தக் காட்டேரிக் கணவாய்' என்று பெயர் வாங்கிய ஒரு பிராணி உண்டு. பெயரைக் கேட்டால் குலை நடுங்கும். அது சாப்பிடுவது இந்தக் கடல் பனியைத்தான்! நூல் மாதிரி ஓர் இழையை நீட்டி, துகள்களைச் சேகரித்து, சளியில் உருண்டை பிடித்து விழுங்குகிறது. பாவம், யாரோ வைத்த பெயர்.

எப்போதாவது விருந்தும் வரும். ஒரு திமிங்கலம் செத்து மூழ்கினால், அது விழுந்த இடத்துக்குச் சுமார் 2,000 வருடக் கடல் பனி ஒரே நாளில் வந்து சேர்ந்ததற்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முதலில் சுறாக்களும் விலாங்கு போன்ற ஹேக் மீன்களும் வந்து சதையைத் தின்று தீர்க்கும். பிறகு சேற்றில் ஊறிய மிச்சத்துக்குப் புழுக்கள் வரும். கடைசியில் எலும்பு. அதற்கென்றே ஒரு புழு இருக்கு, ஆசெடாக்ஸ். 2002-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் கண்டுபிடித்தார்கள். வாய் இல்லை, குடல் இல்லை. செடி மாதிரி எலும்புக்குள் வேர்விட்டு அமிலத்தால் துளைத்து, உள்ளே இருக்கும் கொழுப்பைத் தன் வேரில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் உதவியோடு உறிஞ்சும். ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு பல பத்தாண்டுகள் ஓர் ஊரையே வாழவைக்கும்.

சூரியன் தேவையில்லை என்று சொன்னவர்கள்

1977 பிப்ரவரியில், ஈக்வடாரின் காலபாகோஸ் தீவுகளுக்கு அருகே, ஆல்வின் என்ற சின்ன நீர்மூழ்கி 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. கிட்டத்தட்ட நம்ம தொட்டபெட்டாவின் உயரம். கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவா என்று பார்க்கப் போனவர்கள் பாறைகளைப் படிப்பவர்கள். குழுவில் உயிரியல் விஞ்ஞானி ஒருவர்கூட இல்லை. இருந்ததோ கூட்டம் கூட்டமாக மட்டிகள், சிப்பிகள், நண்டுகள், ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் குழாய்ப் புழுக்கள்! பிடித்த மாதிரிகளைப் பதப்படுத்தக்கூட ஏற்பாடு இல்லை. கொஞ்சூண்டு ஃபார்மலின் இருந்தது. மீதிக்கு, பனாமாவில் வாங்கி வைத்திருந்த ரஷ்ய வோட்காவில் போட்டுப் பாதுகாத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரிய உயிரியல் கண்டுபிடிப்புகளில் ஒன்று வோட்கா பாட்டிலில்தான் கரைக்கு வந்தது.

மேலே கொண்டுவந்த தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம். ஹைட்ரஜன் சல்ஃபைடு. நமக்கு விஷம். குழாய்ப் புழுவுக்கும் வாயும் இல்லை, வயிறும் இல்லை. அப்புறம் எப்படி இவ்வளவு கொழுகொழுவென்று வளர்கிறது? விடையை யூகித்தவர் ஒரு மாணவி. ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கொலீன் கேவனா, 1980-ல் ஒரு வகுப்பில் அந்தப் புழுவின் உடம்பில் கந்தகத் துகள்கள் இருப்பதைக் கேட்டதும் எழுந்து, உள்ளே பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்றார். ஆராய்ந்து பார்த்தால் அதுவே உண்மை. புழு தன் சிவப்புக் கொண்டையால் சல்ஃபைடையும் ஆக்சிஜனையும் இழுத்து உள்ளே அனுப்புகிறது. பாக்டீரியாக்கள் அந்த வேதிச்சக்தியில் உணவு சமைக்கின்றன. சூரிய ஒளிக்குப் பதில் கந்தகம்! அந்த ஆக்சிஜன் மட்டும் மேலேயுள்ள பாசிகள் தந்தது என்பதால் சூரியனோடு உறவு முழுசா அறுந்துவிடவில்லை.

இப்படிப்பட்ட ஊற்றுகள் நம்ம இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. 2001-ல் அங்கே உள்ள கைரேய் ஊற்றில் ஒரு நத்தையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பாதத்தில் அடுக்கடுக்காகச் செதில்கள். அந்தச் செதில்களின் மேல் இரும்பு சல்ஃபைடு பூச்சு. இரும்புக் கவசம் போட்ட நத்தை என்று வேறு எங்கேயும் கிடையாது.

அவசரமே இல்லாத ஊர்

இருட்டு, மூன்று நான்கு டிகிரி குளிர், எப்போதும் அரைவயிறு. இதெல்லாம் சேர்ந்தால் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். 2007-ல் மான்டரே விரிகுடாவில் 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு ஆக்டோபஸ் தாய், பாறையில் முட்டையிட்டு அதன்மேல் படர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். அடுத்த முறை போனார்கள், அதே இடத்தில் இருந்தாள். திரும்பத் திரும்ப, மொத்தம் பதினெட்டு முறை போனார்கள். ஒருமுறைகூட அவள் சாப்பிட்டதைப் பார்க்கவில்லை. நண்டு பக்கத்தில் வந்தால் தள்ளிவிட்டாள், அவ்வளவுதான். உடம்பு வெளுத்துச் சுருங்கிக்கொண்டே போனது. 2011-ல் போனபோது அவள் இல்லை. காலி முட்டைத் தோல்கள் மட்டும் இருந்தன. 53 மாதங்கள் அடைகாத்திருக்கிறாள்! யானையின் கர்ப்பமே 22 மாதங்கள்தான். ஹவாய் அருகே ஆழத்தில் வளரும் ஒரு கறுப்புப் பவளத்தின் வயது 4,265 வருடங்கள் என்று கணித்திருக்கிறார்கள்.

இப்போ அந்த உருளைக்கிழங்குகளுக்கு வருவோம். சேலஞ்சர் வலையில் வந்த கறுப்பு உருண்டைகளில் மாங்கனீஸ், நிக்கல், தாமிரம், கோபால்ட் எல்லாம் இருக்கு. கார் பேட்டரிக்கும் செல்போனுக்கும் கேட்கிற உலோகங்கள். ஒரு சுறாப் பல்லையோ ஓட்டுத் துண்டையோ சுற்றி, பத்து லட்சம் வருடங்களுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் வளர்ந்தவை இவை. உங்க உள்ளங்கையில் அடங்கும் ஒன்றுக்கு வயது கோடியைத் தொடலாம்.

இந்த உருண்டைகளை அள்ளலாமா என்பதுதான் இன்று ஆழ்கடலின் பெரிய கேள்வி. நமக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இவற்றை ஆராயும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. அதற்கான இயந்திரங்களை உருவாக்குவது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். அவர்களின் 'வராஹா' என்ற ஊர்தி 2021-ல் 5,270 மீட்டர் ஆழத்துச் சேற்றில் ஊர்ந்து காட்டியது. மூன்று பேரை 6,000 மீட்டருக்கு அழைத்துப்போகும் 'மத்ஸ்யா 6000' வாகனத்தையும் அவர்கள்தான் உருவாக்குகிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்தான்.

ஆனால், அங்கே ஒருமுறை கீறினால் என்ன ஆகும்? 1989-ல் ஜெர்மன் விஞ்ஞானிகள் பெரு நாட்டுக்கு அப்பால் 4,000 மீட்டருக்கும் கீழே கடலடியில் ஏர் ஓட்டிப் பார்த்தார்கள். 26 வருடம் கழித்து, 2015-ல் போனால் உழுத தடம் நேற்று போட்ட மாதிரி அப்படியே இருந்தது. நம்ம வயலில் ஒரு மழைக்கே ஏர்த்தடம் கரைந்துபோகும். அந்தப் பயணத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தார்கள். சேற்றில் கெட்டியான இடம் அந்த உருண்டைகள்தான் என்பதால், அவற்றின் மேல் கடல்பஞ்சுகள் தண்டுவிட்டு வளர்கின்றன. வெளிறிய ஆக்டோபஸ் தாய்கள், செத்துப்போன கடல்பஞ்சுத் தண்டுகளைச் சுற்றித்தான் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. உருண்டையை எடுத்தால் தண்டு இல்லை. தண்டு இல்லை என்றால் தொட்டில் இல்லை.

பசிபிக்கில் உருண்டைகள் அதிகம் கிடக்கும் கிளேரியன்–கிளிப்பர்டன் பகுதியில் சுமார் 5,500 உயிரினங்கள் இருக்கின்றன என்று 2023-ல் ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. நம்ம இரும்புக் கவச நத்தையை, சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டி 2019-ல் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினமாக அறிவித்தார்கள். ஆழ்கடல் சுரங்கத்தின் பெயரால் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் உயிர் அதுதான்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நிலத்தில் நிக்கலுக்காகக் காடுகள் அழிகின்றன, காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்கிறார்கள். கடலில் ஊரும் இல்லை, காடும் இல்லை என்கிறார்கள். ஊர் இல்லை என்பது மனிதக் கணக்கு. அதோடு, கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படாத பேட்டரிகள் ஏற்கெனவே ஸ்கூட்டரிலும் காரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மில்லிமீட்டருக்கு லட்சக்கணக்கான வருடங்கள் எடுத்துக்கொண்ட ஒன்றை, பத்து வருட பேட்டரிக்காக அள்ளும் முன் அங்கே யார் இருக்கிறார்கள் என்றாவது முழுசா எண்ணிப் பார்த்துவிடலாம் என்பது என் கட்சி. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் 'கொஞ்சம் பொறுங்கள்' என்கின்றன. விதிகளை எழுத வேண்டிய சர்வதேசக் கடலடி ஆணையம் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் வருடா வருடம் கூடிப் பேசிக்கொண்டே இருக்கிறது.

இந்த இருட்டைப் பார்க்க நீங்க மத்ஸ்யாவில் இடம் பிடிக்க வேண்டியதில்லை. ஷ்மிட் ஓஷன் இன்ஸ்டிட்யூட் போன்ற நிறுவனங்கள் தங்கள் ரோபோ நீர்மூழ்கிகளை யூடியூபில் நேரலையாகக் காட்டுகின்றன. 2025-ல் அர்ஜென்டினா கடலில் இறங்கியபோது பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். லீவு நாளில் பிள்ளைகளோடு போட்டுப் பாருங்க. ரொம்ப நேரம் வெறும் சேறும், மேலிருந்து விழும் கடல் பனியும்தான் வரும். பொறுமையா இருங்க. திடீர்னு விளக்கு வட்டத்துக்குள் கண்ணாடி மாதிரி ஏதோ ஒன்று மெதுவாக நீந்தி வரும். கப்பலில் இருக்கும் விஞ்ஞானிகளே மைக்கில், 'இது என்னது?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள்.